பயண நாள்

இசைக்குழுக்களின் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் அரங்குகள் இருக்கும், கைதட்டல் இருக்கும், மழையில் நனைந்த ஒரு தேவாலயமும் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு முதியவரும் தவறாமல் இருப்பார்கள். ஓர் ஊரில் வாசித்து முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் நாளைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அச்சிட்டுக் கொடுக்கும் பயணத் திட்டத்திலும் அந்த நாளுக்கு எதிரே ‘பயண நாள்’ என்ற இரண்டு சொற்கள்தான். கச்சேரி கிடையாது, ஒத்திகை கிடையாது. வாத்தியங்கள் நாள் முழுவதும் பெட்டிக்குள் கிடக்கும்.

ஆனால் ஐரோப்பிய இசையின் வரலாற்றில் பயண நாட்கள் அற்பமானவை அல்ல. மொசார்ட் 36 வயது நிறைவதற்குள் இறந்துபோனார். அந்த வாழ்நாளில் ஏறத்தாழ பத்து ஆண்டுகளைப் பயணத்தில் கழித்திருக்கிறார். 1763 ஜூன் மாதம், ஏழு வயதில், தந்தையோடும் தாயோடும் தமக்கையோடும் சால்ஸ்பர்கிலிருந்து அவர் புறப்பட்ட பெரும் பயணம் மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. புறப்பட்ட வேகத்திலேயே வாஸர்பர்க் என்ற சிற்றூருக்கருகில் வண்டிச் சக்கரம் உடைந்துவிட்டது. சக்கரம் சரியாகும்வரை பொழுது போகவேண்டுமே என்று தந்தை லியோபோல்ட் மகனைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போய் ஆர்கனின் கால்கட்டைகளை இயக்கும் விதத்தை விளக்கினார். பையன் முக்காலியைத் தள்ளிவிட்டு நின்றபடியே வாசிக்கத் தொடங்கிவிட்டான். இதைத் தந்தையே கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். அது கச்சேரி நாளன்று. சக்கரம் உடைந்த நாள்.

நான் சொல்லவந்தது இவ்வளவு பெரிய மனிதர்களைப் பற்றியதல்ல. 2019 ஜூன் மாதம், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நாங்கள் வசிக்கும் ஊரின் மாணவர் இசைக்குழு ஒன்று பிராக், வியன்னா ஆகிய இரு நகரங்களிலும் வாசிக்கச் சென்றது. 14 முதல் 18 வயது வரையிலான 44 பிள்ளைகள். துணைக்குச் சென்ற பெற்றோரில் நானும் ஒருவன். என் மகள் இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி மேசையில் வாசிப்பவள். பிராகில் கச்சேரி முடிந்து, வியன்னாவுக்குச் சென்ற அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

*

பிராகிலிருந்து வியன்னாவுக்கு, பிர்னோ வழியாக, ஏறத்தாழ 330 கிலோமீட்டர். நேராகப் போனால் நான்கு மணி நேரம். 44 பிள்ளைகளோடு நேராகப் போவது என்பது நடவாத காரியம். காலை ஆறரைக்கே விடுதியின் முற்றத்தில் பெட்டிகள் அடுக்கப்பட்டன. வயலின்களும் வயோலாக்களும் குழல்களும் பேருந்துக்குள், அவரவர் தலைக்கு மேல். செல்லோக்களும் கொம்புகளும் தனி வேனில். டபுள் பேஸ் வாத்தியங்களை யாரும் கடல் கடந்து தூக்கி வருவதில்லை. அவையும் டிம்பனியும் அந்தந்த ஊரில் வாடகைக்கு எடுக்கப்பட்டவை. ஆகவே பேஸ் வாசிக்கும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் அறிமுகமில்லாத வாத்தியத்தோடு பழகவேண்டும். அன்று காலை அவர்கள் மட்டும் வெறுங்கையோடு நின்று மற்றவர்களைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. எந்தப் பிள்ளையிடம் எந்த வாத்தியம், அது எந்த மரத்தால் ஆனது என்ற பட்டியல். இது வேடிக்கையல்ல. கிளாரினெட்டும் ஓபோவும் செய்யப்படும் ஆப்பிரிக்கக் கருமரம் நம் ஊர் ஈட்டி மரத்தின் இனம். அந்த இனம் முழுவதையும் 2017 ஜனவரியில் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது 2019 நவம்பரில்தான், எங்கள் பயணத்துக்குப் பிறகு. சொந்த வாத்தியத்தைக் கையில் கொண்டு செல்பவருக்குத் தடை இல்லை என்றாலும், கேட்டால் சொல்வதற்கு விடை வேண்டும். 2014இல் புடாபெஸ்ட் விழா இசைக்குழு நியூயார்க்கில் வந்திறங்கியபோது, வில்லின் நுனியில் தந்தம் இருக்கலாம் என்று ஏழு வில்களைச் சுங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்பதை எங்கள் நடத்துநர் பெற்றோர் கூட்டத்தில் மூன்று முறை சொல்லியிருந்தார்.

(ஆங்கிலத்தில் இவரும் கண்டக்டர்தான். பேருந்தின் முன்வரிசையில் அவர் எழுந்து நின்று கைதூக்கும்போதெல்லாம், டிக்கெட் கேட்பாரோ என்று எனக்கு மட்டும் ஒரு சிரிப்பு வரும். அதைப் பகிர்ந்துகொள்ள அந்தப் பேருந்தில் என் மகளையும் இன்னொரு பெண்ணையும் தவிர வேறு தமிழர் இல்லை.)

அந்த இன்னொரு பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

பயண நாளின் ஒரே சடங்கு எண்ணுவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். பேருந்து புறப்படும் முன் ஒன்றிலிருந்து நாற்பத்து நான்கு வரை அவரவர் எண்ணை அவரவர் உரக்கச் சொல்லவேண்டும். முதல் வயலினின் முதல் மேசையில் தொடங்கி, இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று போய், டிம்பனி வாசிக்கும் பையனிடம் முடியும். என் மகள் 15. அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பெண் 16. பதினேழிலிருந்து வயோலாக்கள்.

முதல் இரண்டு நாள் இது பள்ளிக்கூட வருகைப்பதிவு போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதற்கு ஒரு காலப்பிரமாணம் வந்துவிட்டது. எண்களுக்கு இடையில் மூச்சு விடும் அளவே இடைவெளி. கொம்பு வாசிக்கும் பிள்ளைகள் தங்கள் நான்கு எண்களையும் ஏறுவரிசைச் சுரங்களில் சொல்வார்கள். நாற்பத்து நான்கு பேரும் சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகாது. நாள் முழுவதும் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே இசை அதுதான் என்றும் சொல்லலாம்.

மேற்கத்திய இசைக்குழுவின் அமைப்பு பழக்கமில்லாதவர்களுக்கு இந்த ‘மேசை’ என்பதைச் சற்று விளக்கவேண்டும். தந்தி வாத்தியக்காரர்கள் இருவர் இருவராக அமர்ந்து ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசிப்பார்கள். அவையோருக்கு அருகில் இருப்பவர் வெளிப்பக்கத்தவர், மற்றவர் உட்பக்கத்தவர். தாளின் பக்கம் முடியும்போது வெளிப்பக்கத்தவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும். உட்பக்கத்தவர் வில்லை நிறுத்தி, கையை நீட்டி, பக்கத்தைத் திருப்பிவிட்டு மீண்டும் சேர்ந்துகொள்ளவேண்டும். இசை அறுபடாமல் இருப்பதற்காக ஒருவர் தன் இசையை இரண்டு நொடி அறுத்துக்கொள்கிறார். எண் 16 உட்பக்கத்தவள்.

அந்தப் பெண்ணின் பெற்றோர் எங்கள் நண்பர்கள். ஆறு வயதிலிருந்து கர்நாடக முறையிலும் வயலின் கற்பவள். சனிக்கிழமை காலை தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பாள். அதே நாள் மாலை நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தோளில் ஏற்றி வாசிப்பாள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்தார் என்பார்கள். அந்த வரலாறு இந்தப் பெண்ணின் வார இறுதியில் ஒவ்வொரு வாரமும் நடந்துகொண்டிருந்தது.

*

பிர்னோவில் நிறுத்தம். ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரு நாள் மட்டும் பத்து. டாக்கோகிராஃப் என்ற கருவி எல்லாவற்றையும் பதிவுசெய்துகொண்டே வரும். எங்கள் ஓட்டுநர் அறுபதை நெருங்கிய மொராவியாக்காரர். அந்தக் கருவியின்மேல் அவருக்கு இருந்த பக்தியை நான் சில கோயில்களில்கூடக் கண்டதில்லை. ஒன்றேகால் மணிக்கு எல்லோரும் வண்டியில் இருக்கவேண்டும் என்று விரலால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

பிள்ளைகளின் கையில் செக் நாட்டு நாணயம் மிச்சமிருந்தது. எல்லையைத் தாண்டினால் யூரோதான், கொருனாவால் பயனில்லை. ஆகவே பழைய காய்கறிச் சந்தைச் சதுக்கத்தில் சில்லறையை எண்ணி எண்ணிச் செர்ரிப் பழமும் ரொட்டியும் வாங்கினார்கள். சதுக்கத்தின் ஓரத்தில் ரெடூட்டா என்ற பழைய அரங்கம் இருக்கிறது. 1767 டிசம்பர் 30 அன்று பதினொரு வயது மொசார்ட் அங்கே வாசித்தார். அதுவும் ஒரு பயணத்தின் நடுவில்தான். வியன்னாவில் பெரியம்மை பரவியதால் குடும்பம் வடக்கே ஓடியது. ஆனாலும் ஒலமோட்ஸ் நகரில் பையனுக்கு அம்மை கண்டது. பிழைத்து எழுந்து திரும்பும் வழியில்தான் பிர்னோவில் கச்சேரி. அரங்கின் முன் சிறுவன் மொசார்ட்டுக்கு ஒற்றைச் சிறகோடு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள்.

ஒன்றேகாலுக்கு எண்ணத் தொடங்கினோம். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. பதினைந்து என்று என் மகளின் குரல். பிறகு ஒன்றுமில்லை.

எண்ணுகிறவர்கள் ஒரு வரிசைக்குப் பழகிவிட்டால் அந்த வரிசையில் விழும் ஓட்டை காதில் அறைவது போல இருக்கும். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். நடத்துநர், “மறுபடி” என்றார். மறுபடியும் ஒன்றிலிருந்து. மறுபடியும் பதினைந்தில் நின்றது. பதினேழாம் எண் பையன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவனால் சொல்லமுடியவில்லை.

கால்மணி நேரத்துக்கு முன்புவரை தங்களோடுதான் இருந்தாள், பிறகு தொலைபேசி வந்தது, ஒதுங்கிப் போனாள் என்றாள் என் மகள். நானும் செவிலியராகப் பணிபுரியும் இன்னொரு தாயும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். அயல்நாட்டு ஊரில் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைத் தேடி நடக்கும்போது கால்கள் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

அவள் ரெடூட்டாவின் படிக்கருகே, சிலைக்குப் பின்னால், தரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அப்போது காலை ஏழேகால். அவள் அம்மா வேலைக்குக் கிளம்பும் முன் அழைத்திருக்கவேண்டும். நான் பத்தடி தள்ளி நின்று கையை மட்டும் அசைத்தேன்.

“இல்லம்மா, நான் மாட்டேன்னு சொல்லல. ரெண்டும் முடியாதுன்னு எனக்கும் தெரியும். நான் யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். பிறகு, “அங்கிள் வந்திருக்காங்க, வைக்கறேன்” என்று எழுந்துகொண்டாள்.

*

பேருந்துவரை மூன்று நிமிட நடை. அவளேதான் பேசினாள்.

அடுத்த ஆண்டு கோடையில் அரங்கேற்றம் வைக்கவேண்டும் என்கிறாராம் குரு. இரண்டரை மணி நேரத் தனிக்கச்சேரி, மிருதங்கம், கடம், முந்நூறு பேர். அதற்கு ஓராண்டு உழைப்பு வேண்டும். இசைக்குழுவை விட்டால்தான் முடியும். அம்மா வற்புறுத்தவில்லை, கேள்வி மட்டும் கேட்கிறாள். அந்தக் கேள்விக்குத்தான் விடை தெரியவில்லை.

“என்ன கேள்வி?”

“நீ அங்க இல்லேன்னா யாருக்காவது வித்தியாசம் தெரியுமான்னு கேக்கறாங்க, அங்கிள். நேத்து ராத்திரி பிராக்ல அத்தனை பேர் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நான் பக்கம் திருப்பற ரெண்டு நொடி வாசிக்கவே இல்ல. அது அவங்கள்ல யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?”

தெரிந்திருக்காது. தனியாக அமர்ந்து, ஒரு ராகத்தை ஒருவரே அரைமணி நேரம் கட்டி எழுப்புவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் மேடையில் பக்கவாத்தியக்காரருக்கும் தனி ஆவர்த்தனம் உண்டு, பெயர் சொல்லிக் கைதட்டல் உண்டு. எட்டுப் பேர் ஒரே கோட்டை ஒரே வில் அசைவில் வாசித்து, அதில் ஒருவருடைய ஒலியும் பிரித்தறிய முடியாதபடி கரைந்து போவதுதான் இலக்கு என்றால், அது நம் வீடுகளில் புரியவைக்க எளிதான காரியமல்ல. அந்தத் தாயின் கேள்வியில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

ஆனாலும் பெரியவன் என்ற முறையில் ஏதாவது சொல்லவேண்டும் அல்லவா? முந்தைய இரவு அவர்கள் வாசித்தது டுவோர்ஷாக்கின் எட்டாவது ஸிம்ஃபனி. 1890 பிப்ரவரியில் பிராகில் அவரே நடத்தி அரங்கேற்றியது. அந்த டுவோர்ஷாக் 1862 முதல் 1871 வரை ஒன்பது ஆண்டுகள் பிராகின் தற்காலிக நாடக அரங்கின் இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். ஸ்மெதனா குழுவை நடத்த, இவர் வரிசையில் அமர்ந்திருந்தார். அவருடைய வயோலாவையும் யாரும் பிரித்துக் கேட்டிருக்கமாட்டார்கள். இதைச் சொன்னேன்.

அவள் சற்று யோசித்தாள். “அவர் அப்புறம் டுவோர்ஷாக் ஆயிட்டார் அங்கிள். பக்கத்துல உக்காந்து வாசிச்சவங்க?”

அதற்கு என்னிடம் விடை இல்லை. பேருந்தும் வந்துவிட்டது.

யாரும் அவளைத் திட்டவில்லை. ஓட்டுநர் மட்டும் டாக்கோகிராஃபைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நடத்துநர் மறுபடியும் எண்ணச் சொன்னார். பதினைந்து, பதினாறு. பதினேழு வழக்கத்தைவிடச் சற்று விரைவாகவே வந்தது.

*

பிர்னோவுக்குத் தெற்கே நிலம் தாழ்ந்து திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. நடத்துநர் ஒலிபெருக்கியை எடுத்து ஒரு கதை சொன்னார். 1787 ஜனவரியில் மொசார்ட் வியன்னாவிலிருந்து பிராகுக்கு, நாங்கள் வந்ததற்கு எதிர்த்திசையில், மனைவியோடும் சில நண்பர்களோடும் பயணம் செய்தார். 8ஆம் தேதி கிளம்பி 11ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள். குளிரில், குலுங்கும் வண்டியில் பொழுது போகாமல் ஆளுக்கொரு பொருளற்ற பெயர் வைத்துக்கொண்டார்கள். மொசார்ட் புங்கிட்டிட்டிட்டி ஆனார். கிளாரினெட் மேதை ஸ்டாட்லருக்கு, பணியாளுக்கு, கூட வந்த நாய்க்குக்கூடப் பெயர் கிடைத்தது. பிராக் போய்ச் சேர்ந்த நான்காம் நாளே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெயர்களையெல்லாம் மொசார்ட் வரிசையாகப் பதிவுசெய்திருக்கிறார். அதற்கும் நான்கு நாட்களுக்குப் பிறகு, பிராகின் பெயராலேயே இன்று அறியப்படும் அவருடைய ஸிம்ஃபனி அங்கே முதன்முதலாக ஒலித்தது.

இதைச் சொல்லியிருக்கவேண்டாம் என்று அவரே பிறகு வருந்தியிருப்பார். அடுத்த அரைமணி நேரம் நாற்பத்து நான்கு பேருக்கும் பெயர்சூட்டு விழா. டிம்பனிப் பையனுக்கு வைத்த பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. எண் 16இன் முறை வந்தபோது பேருந்தில் சற்றுத் தயக்கம். அவளைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் இல்லை. என் மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து இரண்டாம் குழல் வாசிக்கும் பெண் எழுந்து, “அவளுக்குப் பெயர் வேண்டாம், அவள் என் கடிகாரம்” என்றாள்.

என்ன கடிகாரம் என்று கேட்டார்கள். குழல்காரி விளக்கினாள். அவளுடைய நாற்காலி இரண்டாம் வயலினின் கடைசி மேசைக்கு நேர் பின்னால். கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் அவளுக்கு நீண்ட மௌனம். காற்று வாத்தியக்காரர்கள் அந்த மௌனத்தை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும், ஒன்று தவறினால் நுழையும் இடம் தவறிவிடும். “எனக்கு எண்ணுவது எப்போதும் வராது. இவள் கை பக்கத்தின் மூலைக்குப் போகும். இவள் திருப்பினால் எனக்கு இன்னும் எட்டு பார் இருக்கிறது என்று பொருள். காகிதச் சத்தமே கேட்காது, கைதான் தெரியும். ஒரு தடவைகூட இவள் முன்பின்னாகத் திருப்பியதில்லை.” (நம் கணக்கில் எட்டு ஆவர்த்தனங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.)

பேருந்து சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டது. சதுக்கத்தில் அவள் என்னிடம் கேட்டதும் அவளுக்கு வந்த அழைப்பும் குழல்காரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் அதைச் சொல்லியிருக்கவும் மாட்டாள், சொல்லியிருந்தாலும் ஆறுதல் போலத்தான் ஒலித்திருக்கும். நான் திரும்பிப் பார்த்தேன். எண் 16 ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மிக்குலோவ் அருகே, குன்றின்மேல் கோட்டை தெரியும் இடத்தில், பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் தலையசைத்து என்னிடம் காட்டினார். தம் இளமையில் சாலை இங்கே முடிந்துவிடும் என்றார், அரைகுறை ஆங்கிலத்தில். முள்வேலியும் காவல் கோபுரமுமாக இருந்த அந்த எல்லை 1989 டிசம்பரில் திறந்தது. 2007 டிசம்பரில் செக் நாடு ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்தபின் கடவுச்சீட்டுச் சோதனையும் நின்றது. நாங்கள் வேகம்கூட மாறாமல் ஆஸ்திரியாவுக்குள் போனோம். ஒரு பேருந்து நிறைய இசைக்கலைஞர்கள் உறக்கத்தில் எல்லையைக் கடப்பதற்கு அந்த மனிதரின் வாழ்நாளில் பாதி செலவாகியிருந்தது.

*

வியன்னா விடுதியில் பெட்டிகளை இறக்கி முடிக்க மாலை ஆறு மணி ஆயிற்று. பகல் முழுவதும் வெப்பமும் குளிர்சாதனமும் மாறிமாறித் தாக்கியதில் வயலின்களின் தந்திகள் இளகிப் போயிருந்தன. அறைக்கு அறை சுருதி சேர்க்கும் ஒலி நடைபாதையில் கலந்தது. பொதுச் சுருதி கொடுக்க ஓபோ இல்லாததால் ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு நாடாக இருந்தது.

பெண்கள் தங்கிய தளத்தில் இரவு சரிபார்ப்பது செவிலியர் அம்மாளின் பொறுப்பு. மகளிடம் மருந்து கொடுப்பதற்காக நான் அவரோடு வாசல்வரை போனேன். கதவு திறந்திருந்தது. எண் 16 கட்டிலில் அமர்ந்து, மறுநாள் கச்சேரிக்கான இசைத்தாள்களை மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையையும் கட்டைவிரலால் சற்றே மேல்நோக்கி மடித்துக்கொண்டிருந்தாள். திருப்பும்போது விரலுக்குச் சட்டென்று அகப்படுவதற்காக. முன்பே மடித்த மூலைகள்தாம். பெட்டிக்குள் நசுங்கிப் போயிருந்தன.

அவள் அடுத்த ஆண்டு இசைக்குழுவில் சேரவில்லை. அரங்கேற்றத்தைத் தேர்ந்தெடுத்தாள். அது நல்ல முடிவென்றே இன்றும் நினைக்கிறேன். 2020 ஜூலையில் நடக்கவிருந்த அரங்கேற்றம் கொள்ளைநோயால் தள்ளிப்போய் 2021 ஆகஸ்டில் நடந்தது. காம்போதியை அவள் விரித்த விதத்தை அந்த அரங்கில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் வாசித்து முடிக்கும்வரை அவள் அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் முடிக்கும் தீர்மானத்துக்குத் துல்லியமாக வில்லை வைத்தாள்.

இசைக்குழு 2020 மார்ச்சில் நின்றது. அதன்பின் பல மாதங்கள் பிள்ளைகள் வீட்டில் தனித்தனியாகக் காதில் தாளத்தட்டல் கேட்டபடி வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினார்கள். 2021 வசந்தத்தில் தந்தி வாத்தியக்காரர்களை மட்டும் மீண்டும் கூட்டினார்கள். காற்று வாத்தியங்களுக்கு அனுமதி இல்லை. முகக்கவசம், ஆறடி இடைவெளி, ஆளுக்கொரு ஸ்டாண்ட். மேசைக்கு இருவர் என்பது போயிற்று. 1875இல் டுவோர்ஷாக் எழுதிய தந்தி வாத்தியங்களுக்கான செரினேடை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஒத்திகை முடிந்து காரில் ஏறியதும் என் மகள் சொன்னாள். முதல் பக்கம் முடிந்த இடத்தில் இரண்டாம் வயலின் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நின்றுபோயிற்றாம். எல்லோரும் கையை நீட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்களாம். நடத்துநர் கையைத் தூக்கியபடியே நின்றாராம். கூடத்தில் காகிதச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

அன்றிரவே அவள் தன் பழைய தோழியை அழைத்து இதைச் சொல்லியிருக்கிறாள். தோழி உடனே ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, எத்தனை நொடி என்று கேட்டாளாம்.

இரண்டு, என்றாளாம் இவள்.